ஓர் இயக்குநரின் கண்ணைப் பழக்கிய படங்கள்: கொழும்பில் பெரிய திரையில் காட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

ஓர் இயக்குநர் எடுத்த படங்களை வரிசையாகக் காட்டுவது சுலபம். அவர் எதைப் பார்த்து வளர்ந்தாரோ அந்தப் படங்களைக் காட்டுவதில் வேலை இரட்டிப்பு. படங்கள் நாலைந்து நாட்டிலிருந்து வரும், உரிமைக்காரர் ஒவ்வொரு இடத்தில் இருப்பார், படச் சட்டகத்தின் அளவும் மொழியும் ஒன்றுக்கொன்று மாறும். இதில் பெரும்பாலானோர் தேர்வுப் பட்டியலில் மாதக்கணக்கில் மினக்கெடுவார்கள். காட்சி நாளில் படம் இழுபட்டு, வசனவரி (சப்டைட்டில்) பிந்தி, ஸ்பீக்கர் இரைந்துகொண்டிருக்கும். பட்டியலைப் போட ஒரு மாலை போதும். மிச்ச நேரத்தைத் திரைக்கும் ஒலிக்கும் வசனவரிக்கும் வைத்திருங்கள்.

கீழே உள்ளது ஐந்து படங்கள், ஐந்து கிழமைகள், 100 முதல் 150 பேர் வரை அமரும் மண்டபம் என்ற கணக்கில் எழுதப்பட்டது. ஆயத்தத்துக்குக் குறைந்தது பத்துக் கிழமை வேண்டும்.

1. யாருடைய ரசனை, எந்த ஆதாரத்தில்

கொழும்புத் தமிழ்ப் பார்வையாளரை வைத்துத் தொடங்குவதென்றால் பாலு மகேந்திராவைவிடப் பொருத்தமானவர் இல்லை. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக வேலை செய்தவர். இலங்கை வானொலி நாடகங்களில் நடித்தார், ‘தேனருவி’ என்ற சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்தார். பிறகு பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போய் ஒளிப்பதிவு படித்தார். அவர் பழகித் திரிந்த ஊரிலேயே அவருடைய ரசனையைத் திரையில் விரிக்கலாம்.

ஒவ்வொரு படத்துக்கும் ஆதாரத்தை மூன்று தரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் தரம், இயக்குநரே வாயால் சொன்னது அல்லது எழுதியது. இரண்டாவது, அவர் படித்த இடத்தில் எந்த இயக்குநர்களின் படங்கள் காட்டப்பட்டன என்று தெரிந்திருப்பது. மூன்றாவது, இரண்டு படங்களில் ஒரே மாதிரி ஒரு ஷொட் இருக்கிறதென்று நாங்களே கண்டுபிடிப்பது. மூன்றாம் தரத்தைக் கலந்துரையாடலில் தாராளமாகப் பேசலாம்; அச்சடித்துக் கொடுக்கும் குறிப்பில் போடக்கூடாது. அச்சில் ஏறிவிட்டால் அடுத்த கிழமை யாரோ அதை உண்மை என்று கட்டுரையில் எழுதிவிடுவார்கள்.

இந்தக் கணக்கில் நாங்கள் பரிந்துரைக்கும் ஐந்து: டேவிட் லீனின் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ (1957, 161 நிமிடம்), டி சிக்காவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ (1948, 89 நிமிடம்), சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955, 125 நிமிடம்), திரூஃபோவின் ‘த 400 புளோஸ்’ (1959, 99 நிமிடம்), கடைசியாக பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988).

குவாய் படம் களனி கங்கைக் கரையில், கித்துல்கலவில் எடுக்கப்பட்டது. சிறுவனாக ஒரு பள்ளிச் சுற்றுலாவில் அந்தப் படப்பிடிப்பைப் பார்த்ததுதான் தன்னைச் சினிமாப் பக்கம் திருப்பியது என்பது பாலு மகேந்திரா திரும்பத் திரும்பச் சொன்ன கதை. ஆகவே அது முதல் தரம். பிரெஞ்சுப் புதிய அலை இயக்குநர்களான திரூஃபோ, கோதார் ஆகியோரின் படங்கள் அவருக்குப் பூனாவில் அறிமுகமாகின. எனவே ‘த 400 புளோஸ்’ இரண்டாம் தரம்: அந்த அலைக்கு ஒரு பிரதிநிதியாக அதைத் தேர்ந்தோம் என்று குறிப்பில் வெளிப்படையாக எழுதுங்கள்.

2. வரிசை

வெளிவந்த ஆண்டு வரிசையில் போடவேண்டாம். ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ படத்தையும் ‘பதேர் பாஞ்சாலி’யையும் அடுத்தடுத்த கிழமைகளில், இடையில் எதுவும் வராமல் போடுங்கள். ராய் 1950இல் வேலை நிமித்தம் லண்டன் போனபோது ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ பார்த்தார். தொழில்முறை நடிகர் இல்லாமல், ஸ்ரூடியோவுக்கு வெளியே படமெடுக்கலாம் என்ற துணிவு அங்கேதான் உறுதியானது. ஒரு கிழமை ரோமாபுரித் தெருவைப் பார்த்துவிட்டு அடுத்த கிழமை வங்காளக் கிராமத்துக்கு வரும் பார்வையாளருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. பிறகு ‘வீடு’ வரும்போது, சென்னையில் ஒரு வீடு கட்டப் படும் பாடு அந்த இரண்டு படங்களின் பக்கத்தில் தானாகப் போய் உட்காரும்.

குவாய் முதலில் வரட்டும். கித்துல்கல என்ற பெயருக்கே ஆட்கள் வருவார்கள். ‘வீடு’ கடைசி. இயக்குநரின் சொந்தப் படத்தை முதலில் காட்டினால் பார்வையாளர் அடுத்த நாலு கிழமையும் “இது அங்கே வந்ததுதானே” என்று ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார், ஒரு படத்தையும் அதற்காகப் பார்க்கமாட்டார்.

நாள் குறிக்கும்போது போயா தினங்களை, முக்கியமாக வெசாக், பொசன் நாட்களைத் தவிருங்கள். ஆடிவேல் விழாவின்போது செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிவரை தேர் போகும். காலி வீதி அசையாது. ஒக்ரோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வரும் என்று வைத்தே திட்டமிடுங்கள். 161 நிமிடப் படத்தை 6.30க்குத் தொடங்கினால் 9.15க்குத்தான் முடியும், கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் போகிறவர்கள் இடையில் எழும்பிவிடுவார்கள். குவாயை ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு, இருட்டாக்கக்கூடிய மண்டபத்தில் போடுங்கள்.

3. உரிமையும் அனுமதியும்

கடையில் வாங்கிய டிவிடி, வீட்டில் பார்க்கும் ஸ்ட்ரீமிங் கணக்கு இரண்டும் மண்டபத்தில் காட்டும் உரிமையைத் தராது. டிக்கட் இலவசம் என்பதால் அது மாறாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க அறிவுச் சொத்துச் சட்டம்தான் இங்கே பொருந்தும். “பழைய படம்தானே” என்ற வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. மூலப்படத்தின் காலம் முடிந்திருந்தாலும், இன்று கையில் கிடைப்பது யாரோ செலவழித்துப் புதுப்பித்த பிரதி. அதன் வசனவரி இன்னொருவருடையது. அந்தப் பிரதியை ஒப்பந்தமில்லாமல் யாரும் தரமாட்டார்கள்.

பிரெஞ்சுப் படத்துக்கு முதலில் பார்ன்ஸ் பிளேசில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸை அணுகுங்கள். பிரெஞ்சு கலாசார நிறுவனங்களுக்கு வணிகநோக்கமற்ற திரையிடலுக்கென்று தனிப் படக்களஞ்சியம் உண்டு; கூட்டாக நடத்தினால் உரிமைச் சிக்கல் பெரும்பாலும் அவர்கள் பக்கத்தில் தீர்ந்துவிடும். ராயின் படத்துக்கு இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் சுவாமி விவேகானந்தர் கலாசார நிலையத்தில் கேட்கலாம். ‘பதேர் பாஞ்சாலி’ மேற்கு வங்க அரசின் பணத்தில் முடிக்கப்பட்ட படம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கடிதம் எழுதுங்கள். குவாய் கொலம்பியா நிறுவனத்தின் படம், இன்று சோனியிடம் இருக்கிறது.

உரிமை கேட்கும் கடிதத்தில் ஏழு விபரம் போதும்: படத்தின் பெயரும் ஆண்டும், திகதி, எத்தனை காட்சி, மண்டபத்தின் பெயரும் ஆசன எண்ணிக்கையும், டிக்கட் விலை அல்லது இலவசம், எந்த வடிவத்தில் பிரதி வேண்டும், தமிழ் வசனவரி சேர்க்க அனுமதி. கடைசி விபரத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மொழிபெயர்ப்புக்குத் தனி அனுமதி வேண்டும், பதில் வரத் தாமதமாகும்.

உள்ளூரில், பகிரங்கமாகக் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சபையின் அனுமதி தேவை. கலாசார நிலையங்களோடு சேர்ந்து நடத்தினால் இதை யார் பெறுவது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். டிக்கட் விற்றால் மாநகர சபையின் களியாட்ட வரி வரும். அதை முன்கூட்டியே விசாரித்துவிட்டு டிக்கட் அச்சடியுங்கள்.

4. மண்டபம்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் மண்டபங்களுக்குக் குறைவில்லை: கொழும்புத் தமிழ்ச் சங்கம், இராமகிருஷ்ண மிஷன், சரஸ்வதி மண்டபம். இவை பேச்சுக்கும் கச்சேரிக்கும் கட்டப்பட்டவை; படத்துக்கு ஏற்றதா என்று நாங்கள்தான் பார்க்கவேண்டும். பௌத்தாலோக மாவத்தையில் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் தரங்கணி அரங்கு படத்துக்கென்றே அமைந்தது. காசு இருந்தால் ஒரு தியேட்டரின் காலைக் காட்சியை வாடகைக்கு எடுக்கலாம்.

பார்க்கப் போகும்போது காட்சி நடக்கப்போகும் அதே கிழமை நாளில் (ஞாயிறு என்றால் ஞாயிறு), அதே நேரத்தில் போங்கள். காலை பத்து மணிக்கு அமைதியாக இருக்கும் மண்டபம் மாலை ஆறுக்குப் பக்கத்து நடன வகுப்பின் ஜதியோடு இருக்கும். கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் ரயில் போகும் சத்தம் எவ்வளவு உள்ளே வருகிறதென்று ஒரு ரயில் போகும்வரை நின்று கேளுங்கள். உட்கூரையின் உயரத்தை அளந்து எழுதுங்கள். மேற்குப் பக்க ஜன்னல்களை எண்ணுங்கள். கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் கிட்டத்தட்ட 5.50க்கும் 6.30க்கும் இடையில் விழுகிறது. மேற்கு ஜன்னல் உள்ள மண்டபத்தில் 5 மணிக் காட்சி என்றால் திரையில் ஒன்றும் தெரியாது. ஜன்னலை மறைக்கக் கறுப்புப் பொலித்தீன் வேண்டாம், விசிறிக் காற்றில் படம் முழுக்கச் சரசரக்கும். தடித்த கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகப் போடுங்கள்.

பிளக்கையும் பாருங்கள். பழைய மண்டபங்களில் உருண்டை முள் துளைகள்தான் இருக்கும், வாடகைக்கு வரும் கருவியில் சதுர முள் இருக்கும். கடைசி நேரத்தில் அடப்டர் மேல் அடப்டர் செருகினால் இடையில் தளர்ந்து கரண்ட் போகும்.

5. திரையும் வெளிச்சமும்

‘பெரிய திரை’ என்பதற்கு இந்த அளவு மண்டபத்தில் நாங்கள் வைக்கும் கணக்கு 16 அடி அகலம், 9 அடி உயரம். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலரை அடியில் இருக்கவேண்டும். சமதரை மண்டபத்தில் அதைவிடக் கீழே இறக்கினால் முன்வரிசைத் தலைகள் வசனவரியைத் தின்றுவிடும். ஆக, உட்கூரை பதின்மூன்றரை அடிக்கு மேல் இல்லாவிட்டால் திரையை 12 அடி அகலத்துக்குச் சுருக்குங்கள். அப்போது உயரம் 6 அடி 9 அங்குலம். உயரத்தில் சமரசம் செய்து அகலத்தைக் காப்பாற்றுவது கொழும்பு மண்டபங்களில் அடிக்கடி நடக்கும் பிழை. நாற்காலிகளை ஒன்றின் பின் ஒன்றாக வைக்காமல் அரை நாற்காலி தள்ளித் தள்ளி வையுங்கள். முதல் வரிசை திரை உயரத்தின் ஒன்றரை மடங்கு தூரத்தில், கடைசி வரிசை ஐந்து மடங்குக்குள்.

தியேட்டர் தரம் என்பது திரையில் 14 அடி-லம்பேர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம். திரைப் பரப்பைச் சதுர அடியில் எடுத்து 14ஆல் பெருக்கினால் தேவையான லூமன், அதாவது புரொஜெக்டர் தரவேண்டிய ஒளியின் அளவு வரும். 16 × 9 = 144 சதுர அடி; 144 × 14 = 2,016 லூமன். இதைப் பார்த்துவிட்டு 2,200 லூமன் புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்தால் படம் மங்கும். பெட்டியில் போட்டிருக்கும் எண், பச்சையடிக்கும் ‘டைனமிக்’ முறையில் கிடைப்பது. சரியான நிறம் தரும் ‘சினிமா’ முறைக்கு மாற்றியதும் ஏறத்தாழப் பாதி போய்விடும். ஆகவே குறைந்தது 4,000 லூமன் என்று கேளுங்கள். விளக்கு எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

புரொஜெக்டரைத் திரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதற்கு, லென்சின் எறிவு விகிதத்தால் திரை அகலத்தைப் பெருக்கவேண்டும். விகிதம் 1.5 என்றால் 16 × 1.5 = 24 அடி. புரொஜெக்டரைத் திரையின் நடுக்கோட்டில் வையுங்கள். மேசையில் வைத்து மூக்கை மேலே தூக்கிவிட்டு, சரிந்த படத்தைக் ‘கீஸ்டோன்’ பொத்தானால் நிமிர்த்துவது பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பொத்தான் படத்தைப் பிழிந்து நிமிர்த்துகிறது. கூர்மையும் வெளிச்சமும் குறைகின்றன. உயரமான தட்டு ஒன்றைத் தேடி, லென்ஸ் நகர்த்தியால் (லென்சை மட்டும் மேலும் கீழும் நகர்த்தும் வசதி) சரிசெய்யுங்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்தோ வான் வண்டியிலிருந்தோ இறக்கிய புரொஜெக்டரைப் புழுக்கமான மண்டபத்தில் உடனே போட்டால் லென்சில் ஈரம் படியும், படம் புகையாய்த் தெரியும். துடைக்கவேண்டாம். அரை மணித்தியாலம் மூடி திறந்து வைத்தால் போய்விடும்.

6. படத்தின் உருவம்

இந்த ஐந்தில் நாலு படங்களின் சட்டகம் (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) உறுதியாகத் தெரிந்தது. ‘பைசிக்கிள் தீவ்ஸ்’, ‘பதேர் பாஞ்சாலி’ இரண்டும் 1.37க்கு 1, ஏறக்குறையச் சதுரம். ‘த 400 புளோஸ்’ 2.35க்கு 1, கறுப்பு வெள்ளையில் அகலத்திரை. குவாய் 2.55க்கு 1, இன்னும் நீளம். 16 அடித் திரையில் குவாயின் உயரம் 6 அடி 3 அங்குலம்தான் வரும், மேலும் கீழும் கறுப்பாக இருக்கும். ‘பதேர் பாஞ்சாலி’ 9 அடி உயரத்தையும் நிரப்பி, 12 அடி 4 அங்குல அகலத்தோடு நின்றுவிடும். இரண்டு பக்கமும் தலா 1 அடி 10 அங்குலம் வெறுமையாக இருக்கும்.

அந்த வெறுமையைப் பார்த்ததும் யாராவது “திரையை நிரப்புங்கோ” என்று சொல்வார்கள். கேட்கவேண்டாம். நிரப்ப இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, படத்தை அகலத்துக்கு இழுப்பது, முகங்கள் பூசணிக்காயாகும். மற்றது மேலும் கீழும் வெட்டுவது. தலையும் காலும் போகும். இரண்டாவது ஏமாற்றக்கூடியது, ஏனென்றால் முகம் இயல்பாகவே இருக்கும், எதையோ இழந்தது தெரியாது. வெறுமையான பக்கங்களில் மங்கலான சாம்பல் வெளிச்சம் விழும். அதை மறைக்கத் திரையின் இரு பக்கமும் 2 அடி அகலக் கறுப்புத் துணியைக் கம்பியில் தொங்கவிட்டு, படத்துக்கு ஏற்ப இழுத்து மூடுங்கள். இந்தத் துணி செய்யும் வித்தியாசம் பெரிது: ஓரம் கறுத்ததும் படம் முன்னே வந்து நிற்கும்.

சரிபார்க்க ஒரு நல்ல முறை இருக்கிறது. ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ படத்தில் சைக்கிள் பக்கவாட்டாகத் தெரியும் ஓரிடத்தில் நிறுத்துங்கள். திரைக்குப் போய் அளக்கும் நாடாவால் சில்லைக் குறுக்கே அளவுங்கள், பிறகு நெடுக்கே அளவுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். குறுக்கே 40 அங்குலமும் நெடுக்கே 30 அங்குலமும் வந்தால் எங்கோ ‘அகலம்’ அல்லது ‘முழுத்திரை’ என்ற அமைப்பு விழுந்திருக்கிறது. புரொஜெக்டரில் ஒரு தடவை, லப்டொப் மென்பொருளில் ஒரு தடவை என்று இரண்டு இடத்திலும் பாருங்கள்.

வேகத்தையும் கவனியுங்கள். சினிமா செக்கனுக்கு 24 சட்டகம். ஐரோப்பிய டிவிடிகள் 25இல் ஓடும்; 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் இசையும் ஏறத்தாழ அரைச்சுரத்தின் முக்கால் பங்களவு மேலே ஏறும். இசை தெரிந்த ஆள் உடனே பிடித்துவிடுவார். லப்டொப்பின் திரை வேகத்தை 24க்கு மாற்றுங்கள். 60இல் விட்டால் கமரா பக்கவாட்டாக நகரும்போது படம் விக்கும். புரொஜெக்டரில் ‘அசைவை மென்மையாக்கும்’ வசதி இருந்தால் அணையுங்கள், இல்லாவிட்டால் ராயின் படம் டெலிநாடகம் போல வழுக்கிக்கொண்டு போகும்.

கறுப்பு வெள்ளையைச் சரிசெய்ய ‘பதேர் பாஞ்சாலி’யில் ரயில் வரும் காட்சி ஒன்றே போதும். வெள்ளை நாணல் பூக்களில் இழை தெரியவேண்டும், கரும்புகையில் சுருள் தெரியவேண்டும். பூ வெறும் வெள்ளைத் திட்டாக இருந்தால் கொன்ட்ராஸ்டைக் குறையுங்கள். புகை ஒரே மையாக இருந்தாலோ சாம்பலாக வெளிறினாலோ எச்டிஎம்ஐ வீச்சு (கறுப்பிலிருந்து வெள்ளைவரை அனுப்பப்படும் அளவு) இரு கருவியிலும் வேறு வேறாக இருக்கிறது; இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

7. ஒலி

குவாய் தவிர மற்றவற்றை ஒற்றை ஒலித்தடமாக (மோனோ) எடுத்துக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள். குரல் திரையின் நடுவிலிருந்து வரவேண்டும். மண்டபத்தின் இரு மூலையில் நிற்கும் கல்யாண வீட்டு ஸ்பீக்கர்கள் இதற்கு உதவாது. இரண்டையும் திரைக்கு அடியில் ஒட்டி வைத்து ஒரே ஒலியைக் கொடுங்கள். பழைய ஒலித்தடத்தில் மேல்சுருதியில் இரைச்சல்தான் அதிகம், தகவல் குறைவு. ‘தெளிவாகக் கேட்கட்டும்’ என்று ட்ரெபிளை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். கொஞ்சம் இறக்குங்கள்.

லப்டொப்பை மேடையில் வைக்காமல் புரொஜெக்டர் பக்கத்தில் வையுங்கள். அப்போது எச்டிஎம்ஐ வயர் 2 மீற்றர் போதும். சாதாரணச் செப்பு எச்டிஎம்ஐ 10 மீற்றரைத் தாண்டினால் படம் மின்னி மறையத் தொடங்கும். நீள வயர் தேவையென்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒப்டிக்கல் வகை வாங்கலாம். அதற்குத் திசை உண்டு, மாறிச் செருகினால் வேலை செய்யாது. ஒலிக்கு மட்டும் மிக்சரிலிருந்து மூன்று முனை மைக் வயரை மேடைவரை இழுங்கள். புளூடூத் வேண்டவே வேண்டாம், உதடு மூடிய பிறகு குரல் வரும்.

லப்டொப் சார்ஜரைச் செருகியதும் “ம்ம்ம்” என்று ஒரு இரைச்சல் கிளம்பினால் அது தரையிணைப்புச் சுற்று (கிரவுண்ட் லூப்): கருவிகள் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆவதால் வருவது. லப்டொப், மிக்சர், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் ஒரே பிளக்கிலிருந்து கரண்ட் எடுங்கள். போகாவிட்டால் லப்டொப்புக்கும் மிக்சருக்கும் இடையில் ஒரு டிஐ பெட்டி (இரைச்சலைத் தடுக்கும் சின்னக் கருவி) போடுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக்கூடாது. ‘பதேர் பாஞ்சாலி’யில் அக்காவும் தம்பியும் வெளியில் நிற்கும் கம்பத்தில் காது வைத்து அதன் ரீங்காரத்தைக் கேட்கும் இடம் ஒன்று வருகிறது. உங்கள் ஸ்பீக்கர் ஏற்கெனவே ரீங்காரம் செய்துகொண்டிருந்தால் அந்தக் காட்சி செத்துவிட்டது. ஒலிப் பரிசோதனையை அந்த இடத்தில் செய்யுங்கள்: கம்பம் வரும்போது ரீங்காரம் பிறக்கவேண்டும், அவர்கள் நகர்ந்ததும் போகவேண்டும்.

8. தமிழ் வசனவரி

ஒன்றரை மணித்தியாலப் படத்துக்கு ஏறத்தாழ 800 முதல் 1,000 வசனத் துண்டுகள் வரும். ஒருவர் மொழிபெயர்க்க, இன்னொருவர் படத்தோடு வைத்துப் பார்க்க மூன்று கிழமை வேண்டும். ஒரு துண்டில் இரண்டு வரி, ஒரு வரியில் 35 எழுத்துக்குள். குறைந்தது ஒரு செக்கன், கூடியது ஆறு செக்கன். தமிழ்ச் சொற்கள் நீளம். ஆங்கில வசனவரியை அப்படியே மாற்றினால் எப்போதும் வழியும். “நான் உன்னை அங்கே வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா” என்பதை “வரவேண்டாம் எண்டனெல்லே” என்றோ “வராதே என்றேனே” என்றோ வெட்டத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள். இரண்டில் எது என்பதை முதலிலேயே தீர்மானித்து, ஐந்து படத்துக்கும் ஒரே நடையில் போங்கள். வடக்கு, கிழக்கு, மலையகம், கொழும்பு முஸ்லிம்கள் எல்லோரும் கலந்து உட்காரும் மண்டபத்தில் பொதுவான பேச்சுத்தமிழ்தான் உறுத்தாது. முறைப்பெயரிலும் இதே பிரச்சினை. ‘பதேர் பாஞ்சாலி’யில் துர்கா கிழவியை அழைக்கும் சொல் தகப்பனின் சகோதரியைக் குறிப்பது, யாழ்ப்பாணத்தார் “மாமி” என்பார்கள், மலையகத்தில் “அத்தை”. கலந்த கூட்டத்துக்கு “அத்தை” போடுங்கள், எல்லோருக்கும் விளங்கும்.

இனித் தொழில்நுட்பம். கொழும்பில் தட்டெழுதுபவர்களில் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். பாமினிக் கோப்பை வசனவரியாகப் போட்டால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடுக்கு மாற்றி, எஸ்ஆர்டி கோப்பை (வசனவரியும் அதன் நேரமும் உள்ள கோப்பு) யூடிஎஃப்-8 என்ற குறியேற்றத்தில் சேமியுங்கள். வேறு முறையில் சேமித்தால் எல்லாம் கேள்விக்குறியாகும். மாற்றியபின் கொ, கோ, கௌ வரும் சொற்களைத் தேடிப் பாருங்கள்; மாற்றியில் இவைதான் உடையும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, வெள்ளை நிறம், கறுப்பு விளிம்பு. நாணல் பூவுக்கு மேல் வெள்ளை எழுத்து கரையும் என்பதால் விளிம்பை ஒரு சுற்றுத் தடிப்பாக்குங்கள்.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகும் வசனவரி, 25 சட்டகப் பிரதிக்கு நேரம் வைக்கப்பட்டது. ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ முடியும்போது அது மூன்றரை நிமிடத்துக்கு மேல் முந்திவிடும். எல்லா நேரத்தையும் 1.0417ஆல் (25 ÷ 24) பெருக்கினால் தீர்ந்தது. தொடக்கம் முதல் ஒரே அளவாக விலகியிருந்தால் விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருளில் ‘ஜி’, ‘எச்’ விசைகளால் 50 மில்லிசெக்கன் படியாக நகர்த்தலாம்.

9. தியேட்டரில் என்றால்

தியேட்டருக்கு டிசிபி, அதாவது டிஜிட்டல் தியேட்டர்களுக்கான படப்பிரதி வேண்டும். 100 முதல் 200 ஜிபிவரை இருக்கும். சேர்வரில் ஏற்றவே பல மணித்தியாலம் எடுக்கும், ஹார்ட் டிஸ்க்கை முதல்நாளே கொடுங்கள். பூட்டிய பிரதியென்றால் கேடிஎம் என்ற சாவி வரும். அது குறிப்பிட்ட சேர்வருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும். கடைசி நேரத்தில் தியேட்டர்காரர் வேறு அரங்குக்கு மாற்றினால் சாவி திறக்காது. நேரத்தை கிரீனிச்சில் எழுதியிருப்பார்கள். ஐந்தரை மணித்தியாலம் கூட்டிப் பாருங்கள், பரிசோதனைக்காக முதல்நாளிலிருந்தே திறக்கும்படி கேளுங்கள். 1.37 படத்துக்கான அமைப்பு தங்களிடம் இருக்கிறதா என்று இயக்குபவரிடம் நேரில் கேளுங்கள். பழக்கதோஷத்தில் 1.85இல் ஓட்டினால் தலைகள் போய்விடும். தமிழ் எழுத்தை டிசிபி சேர்வர்கள் சரியாகக் கோர்ப்பதில்லை; வசனவரியை எழுத்தாகக் கொடுக்காமல் படத்துண்டுகளாகச் செய்து கொடுங்கள், அல்லது சின்னப் புரொஜெக்டர் ஒன்றால் திரைக்குக் கீழே தனியாகப் போடுங்கள்.

10. ஒத்திகையும் அன்றைய மாலையும்

முந்தைய நாள் முழுப் படத்தையும் ஓடவிடுங்கள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு “சரி” என்று போவதில்தான் கடைசி அரை மணித்தியாலக் கோளாறுகள் ஒளிந்திருக்கும். கோப்பு பென் டிரைவில் இல்லாமல் லப்டொப்பின் உள்ளேயே இருக்கட்டும், இரண்டாவது லப்டொப்பில் இன்னொரு பிரதி. வைஃபை, வாட்ஸ்அப், தானியங்கிப் புதுப்பிப்பு, திரைத் தூக்கம் எல்லாம் அணைக்கப்படவேண்டும். மண்டபத்தில் ஜெனரேற்றர் இருந்தாலும் அது பிடிக்க எடுக்கும் பத்து, இருபது செக்கனில் புரொஜெக்டர் அணைந்துவிடும். விளக்கு வகை ஆறும்வரை மீண்டும் பற்றாது. 1,000 விஏ யூபிஎஸ் ஒன்று அந்த இடைவெளியைத் தாங்கும்.

ஆட்கள் நாலு பேர்: கருவியில் ஒருவர், மண்டபத்தின் நடுவில் உட்கார்ந்து ஒலியளவைக் கைச்சைகையில் சொல்ல ஒருவர், கதவில் ஒருவர், அறிமுகத்துக்கு ஒருவர். வெறும் மண்டபத்தில் வைத்த ஒலியளவு ஆட்கள் நிறைந்ததும் போதாது, கொஞ்சம் ஏற்றவேண்டிவரும். அறிமுகம் ஏழு நிமிடம், கதை சொல்லக்கூடாது. கையில் கொடுக்கும் ஒற்றைத் தாளில் ஆதாரத்தின் தரம், படத்தின் சட்டகம், நிமிடம், பார்க்கும்போது கவனிக்க ஒரே ஒரு விஷயம். ‘பதேர் பாஞ்சாலி’க்கு அது வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதாக இருக்கலாம்: ராயின் அடுத்த படமான ‘அபராஜிதோ’வில் (1956) அதே ஒளிப்பதிவாளரான சுப்ரதா மித்ரா துணியில் ஒளியைத் தெறிக்கவிட்டு வீட்டு முற்றத்தின் வெளிச்சத்தை உண்டாக்கினார், இயற்கை வெளிச்சத்தை நம்பிய ‘வீடு’ படத்துக்கு வரும்போது பார்வையாளருக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று தேடும் பழக்கம் வந்திருக்கும்.

கருவியில் இருப்பவரிடம் இரண்டு இடங்களை எழுதிக் கொடுங்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் தாய் உடைந்து அழும்போது அவள் குரல் கேட்காது, ஒரு தந்தி வாத்தியம்தான் ஒலிக்கும். ஒலி போய்விட்டதென்று வயரைப் பிடுங்கவேண்டாம். ‘த 400 புளோஸ்’ கடைசியில் பையனின் முகம் அப்படியே உறைந்து நிற்கும். லப்டொப் சிக்கிவிட்டதென்று விசையைத் தட்டவேண்டாம். மண்டப விளக்குக்குப் பொறுப்பானவரிடமும் இதையே சொல்லுங்கள்.

கலந்துரையாடல் அரை மணித்தியாலம், ஒன்பது மணிக்குள் கதவு. ஆட்கள் போனபிறகு புரொஜெக்டரை அணைத்துவிட்டு விசிறி தானாக நிற்கும்வரை பிளக்கைக் கழற்றவேண்டாம். சூட்டோடு கழற்றினால் விளக்கு வெடிக்கலாம், வாடகைக்காரர் அதன் விலையை உங்களிடம்தான் கேட்பார்.